அண்ணனின் இடது பக்கம்

முதலில் தெரிந்தது சோற்றில்தான். அண்ணன் தட்டின் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். இடது பாதியில் சோறும் சங்கரா மீனும் தொடாமல் இருந்தன.

"இங்க கெடக்கறத யாரு துன்றது, பூனையா?" என்றார் அண்ணி.

அண்ணன் தட்டைப் பார்த்து, "எங்க?" என்றார். விளையாடுகிறார் என்று சிரித்தோம்.

நாங்கள் புதுச்சேரிக்கு வடக்கே, கனகசெட்டிக்குளத்து மீனவர்கள். ஃபைபர் படகில் அண்ணன் பின்னால் உட்கார்ந்து ஓட்டுவார். அவருக்கு இடது பக்கம் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அதுதான் என் இடம். சில நாள் கழித்து, என்ஜின் கைப்பிடி அவர் இடது கையிலிருந்து நழுவியது. எட்டிப் பிடித்தேன்.

"தூங்கிட்டியாண்ணா?"

வேறு யாருடைய கையோ மடியில் கிடப்பதுபோலத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தின் நடுவே வெள்ளையாக ஒன்று.

"வெள்ளி மொளச்ச மாரி இருக்கு டாக்டர்," என்றார் அண்ணன். நட்சத்திரத்தை நாங்கள் வெள்ளி என்போம்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அது கிளையோமா (மூளையிலேயே முளைக்கும் கட்டி) என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வலது மூளையில இருக்கு. எடது பக்கத்தப் பாத்துக்கற எடம் அது. போகப் போக, எடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவருக்குத் தெரியாமப் போயிடும்."

"சரியாயிடுமா?"

"தள்ளிப் போடலாம் தம்பி."

அதற்குப் பிறகு படகு இல்லை, பஸ்தான். டவுனுக்குப் போகும்போது கடல் இடது பக்கம். காலாப்பட்டு தாண்டியதும், "கடலக் காணமேடா," என்பார். திரும்பி வரும்போது ஜன்னலில் அதைப் பார்த்துச் சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷப்படுவார்.

ரேடியேஷன் (கட்டியைச் சுடும் கதிர்) கொடுக்கும்போது தலை அசையக் கூடாது. முகத்தின் அளவுக்கே செய்த ஒரு பிளாஸ்டிக் மூடியைப் போட்டுக் கட்டிலோடு பூட்டினார்கள். பொத்தல் பொத்தலாக, வலை மாதிரியே இருந்தது.

"மீனுங்கல்லாம் ஒண்ணு சேந்து என்னப் புடிச்சிடுச்சிடா," என்றார் உள்ளேயிருந்து.

கடைசியாக வார்டில் சேர்த்தபோது நான் என் பழக்கப்படி அவருக்கு இடது பக்கமே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அண்ணியிடம் கேட்டார், "தம்பி ஏன் வரவே மாட்டேன்றான்? கடலுக்குப் போயிட்டானா?"

"இங்கதாண்ணா இருக்கேன்."

குரல் கேட்டதும் வலது பக்கம் தேடினார். அங்கே அண்ணிதான் இருந்தார். என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். அழுகையாக வந்தது. டாக்டரம்மா சொன்னது எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. நர்ஸ் அக்காதான் என் தோளைத் தட்டினார்.

"அங்க ஏன் ஒக்காந்துருக்க? அந்தப் பக்கம் அவருக்கு ஒலகமே கெடையாது. இந்தாண்ட வா."

எழுந்து சுற்றி வந்தேன்.

"எப்படா வந்த?" என்றார் அண்ணன்.

"இப்பதாண்ணா."

அன்று நன்றாகப் பேசினார். "கரை மறஞ்சதும் மேல பாப்பேன். அவ்ளோ வெள்ளில ஒண்ணுத்துக்காவது நம்ம படகு தெரியும்னு நெனச்சிக்குவேன்."

"இப்ப?"

"இப்ப அப்படித் தோணலடா. அவ்ளோ பெருசுக்கு நான் எதுக்கு?"

"எனக்குத் தெரியுதேண்ணா," என்றேன்.

"நீ வெள்ளியா? போடா கருவாடு."

அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை. மழைக்காலம் தொடங்கும்போது போய்விட்டார். எந்த அதிசயமும் நடக்கவில்லை. நாங்கள் வேண்டாத சாமி இல்லை.

இப்போது படகை நான் ஓட்டுகிறேன். விடியும் முன்னால் கரை மறைகிறது. அண்ணாந்து பார்த்தால் எத்தனையோ வெள்ளி. அத்தனை வெளிச்சமும் சேர்ந்து ஒரு மனுஷனின் ஒரு கையைத் திருப்பித் தரவில்லை. சில சமயம் ஒரு எண்ணம் வரும். நமக்குத் தெரியாத பக்கத்தில் யாராவது உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்களோ என்று. அது நிலைப்பதில்லை. இருந்தால், நாம் இவ்வளவு தேடுவதைப் பார்த்துவிட்டு, எழுந்து இந்தப் பக்கம் வந்திருக்க மாட்டார்களா?

உங்கள் வீட்டில் இந்த நோய் வந்திருந்தால், நம்பிக்கையாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அவர்களுக்கு எந்தப் பக்கம் தெரிகிறது என்று முதல் நாளே கேளுங்கள். அந்தப் பக்கம் உட்காருங்கள். தெரிகிற வரைக்கும் அவர்கள் கண்ணில் படுங்கள். எனக்குத் தெரிந்து இவ்வளவுதான் முடியும்.

போன வருஷம், இந்த வருஷம் என்று எதுவும் எனக்குப் பிரித்துத் தெரியவில்லை. விடிகிறது, வலை இழுக்கிறோம், மறுபடி விடிகிறது. வேலைக்கு நடுவில் என் இடது கையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். இருக்கிறது. உப்புத் தண்ணீரில் ஊறி, சில்லென்று, யாரும் பிடிக்காமல் இருக்கிறது.