கூட்ஸ் வண்டிக்குக் குரல் கொடுத்தவள்

ராயபுரத்தில் எங்கள் குடித்தனத்துக்குப் பின்னாலேயே துறைமுகத்துக்குப் போகும் தண்டவாளம். கூட்ஸ் வண்டி வந்தால் முதலில் அலமாரியில் தம்ளர்கள் கிணுகிணுக்கும். அப்புறம் தரை அதிரும். இந்த ஊர்க்காரர்கள் பேச்சைக்கூட நிறுத்த மாட்டார்கள். நானோ, அடுப்பில் குழம்பு கொதித்தாலும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, மகள் செல்வியை இடுப்பில் அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடி, "இருக்கோம்! இருக்கோம்!" என்று கத்துவேன். வந்த புதிதில் ஒரு நாள் தவறாமல் இந்தக் கூத்து நடந்தது.

மேடான், பெரஸ்தாகி பக்கத்து நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மதராஸ்காரர்களுக்காகச் சொல்கிறேன். நான் பிறந்தது சுமத்ராவில், சிபாயாக் என்ற எரிமலையின் காலடியில். சும்மா இருக்கும் நாளிலும் அது புகைந்துகொண்டுதான் இருக்கும். துவைத்த துணியிலும் கந்தக வாடை அடிக்கும். பூமி குலுங்கினால் (கெம்பா என்பார்கள் அங்கே) எல்லோரும் வெளியே ஓடிவந்து உரக்கக் குரல் கொடுப்போம். மண்ணுக்கு அடியில் ஒருவர் படுத்திருக்கிறார், மேலே ஆளில்லை என்று நினைத்துத்தான் புரண்டு படுக்கிறார், ஆள் இருப்பது தெரிந்தால் அடங்கிவிடுவார். அக்கம்பக்கத்து மலைக்காரர்கள் எங்கள் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தது இது. அவர்கள் தங்கள் பாஷையில் கத்தினார்கள், நாங்கள் தமிழில் கத்தினோம். படுத்திருந்தவருக்கு இரண்டும் புரிந்தது போலிருக்கிறது.

என் வீட்டுக்காரர் ராயபுரத்தில் பிறந்து, மேடானுக்குப் பிழைக்க வந்து, என்னைக் கட்டிக்கொண்டவர். ஜப்பான் சண்டை முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதும் நம்ம ஊருக்குப் போய்விடலாம் என்று கூட்டிவந்தார். தமிழ் பேசுகிற ஊர், எனக்கும் ஊராகிவிடும் என்று நினைத்தார், பாவம். வெந்நீருக்கு விறகு வாங்குகிற ஊரை நான் அதுவரை பார்த்ததில்லை. எங்களுக்கு ஆயர் பானாஸ் என்று மலையடிவாரத்தில் வெந்நீர் ஊற்று இருந்தது. துணியில் முட்டையைக் கட்டி அதன் வாயருகே இறக்கிவிட்டு, குளித்துவிட்டு வந்து உரித்துத் தின்போம். இங்கே அடுப்பை ஊதி ஊதிக் கண்ணெல்லாம் எரிந்தது. ஆனாலும் தீக்குச்சி உரசும்போது ஒரு நொடி எங்கள் மலை மணக்கும். அதற்காகவே வீட்டில் தீப்பெட்டி சீக்கிரம் காலியாகும்.

தம்பி தங்கராசு எங்களோடு வரவில்லை. எரிமலை மண்ணில் முட்டைக்கோஸ் போட்டிருந்தான். அந்த மண்ணை விட்டால் தனக்கு வேறென்ன தெரியும் என்று சொல்லிவிட்டான்.

பக்கத்துக் குடித்தனத்தில் அஞ்சலை, காசிமேட்டில் மீன் எடுத்து வண்ணாரப்பேட்டையில் கூவி விற்பவள். நான் ரயில் டிரைவரை நிறுத்தச் சொல்லிக் கத்துகிறேன் என்றுதான் அவள் முதலில் நினைத்தாளாம். வண்டி நிற்காவிட்டாலும் நான் விடாமல் கத்துவதைப் பார்த்து, காத்துக் கறுப்பு அண்டியிருக்கும் என்று ஒரு பூசாரியையே கூட்டிவந்துவிட்டாள். அந்த மனுஷன் என் முகத்தில் வேப்பிலையை வீசிக்கொண்டிருக்கும்போதே கூட்ஸ் வண்டி வந்து தொலைத்தது. வேப்பிலையையும் தள்ளிவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். பூசாரி அதற்கப்புறம் எங்கள் சந்துப் பக்கம் வரவேயில்லை. பிறகு நான் விவரம் சொன்னபோது அஞ்சலை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பூமி நவுருமா? இன்னாமே கதை வுடுறே!"

ஒரு நாள் என் வீட்டுக்காரர் டீக்கடையிலிருந்து முகம் செத்துப்போய் வந்தார். பெரஸ்தாகிப் பக்கம் பெரிய நிலநடுக்கம், வீடுகள் விழுந்துவிட்டன என்று பேப்பரில் இரண்டு வரி. தங்கராசு பெயர் அதில் எப்படி இருக்கும்? கடிதம் போட்டோம், பதில் இல்லை. துறைமுகத்தில் மூட்டை இறக்கும் இடத்தில், மேடானுக்குத் துறைமுகமான பெலவான் போகிற கப்பல் எது என்று என் வீட்டுக்காரர் விசாரித்து, அதில் சமையல்காரராக இருந்த ஒரு நாகூர்க்காரரிடம் தம்பியைத் தேடச் சொல்லி அனுப்பினார். அந்தக் கப்பல் திரும்பும்வரை நான் உயிரோடிருந்தேன் என்று சொல்ல முடியாது. அவன் கத்தியிருப்பான், அந்தப் படுத்திருப்பவருக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்து நினைத்து அழுதேன்.

அப்படி ஒரு மத்தியானம் கூட்ஸ் வந்தது. தம்ளர்கள் கிணுகிணுத்தன. நான் எழுந்திருக்கவில்லை. யாருக்காக ஓடுவது என்று சுவரில் சாய்ந்திருந்தேன். செல்விதான் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். மீன் கூடையோடு வந்த அஞ்சலை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். கூடையை இறக்கிவைத்துவிட்டு, நடுத் தெருவுக்குப் போய், மீன் கூவுகிற அந்தத் தொண்டையால் கத்தினாள்.

"கீறோம்! கீறோம்! அல்லாரும் கீறோம்!"

எங்கள் 'இருக்கோம்' அவள் வாயில் அப்படி வந்தது. வண்டி போகும்வரை விடவில்லை. திரும்பி வந்து என் பக்கத்தில் குந்தினாள்.

"உன் தம்பிக்கும் சேத்துத்தான் கத்துனேன். நீ அழுவாதே."

கப்பல் திரும்பியது. நாகூர்க்காரர் வீட்டுக்கே வந்தார். மேடான் காய்கறிச் சந்தையில் தங்கராசைக் கண்டுபிடித்ததாகவும், வீடு விழுந்து படுதாவுக்கடியில் குடும்பம் இருப்பதாகவும், கோஸ் தோட்டம் நடுவில் பிளந்துவிட்டதாகவும், மலையை விட்டு வருவதாக இல்லை என்றும் சொன்னார். எனக்கு என்ன சொல்லி அனுப்பினான் என்று கேட்டேன். பெரியவர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

"ஒரே ஒரு வார்த்தைதாம்மா சொன்னாரு. வேற எதாச்சும் சொல்லுங்க தம்பின்னு நானும் கேட்டேன். இதுவே அக்காவுக்குப் போதும்னுட்டாரு. 'இருக்கோம்'னாரு."

நான் ஏன் அவர் காலில் விழுந்தேன் என்று பாவம், அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

இப்போது செல்வி பள்ளிக்கூடம் போகிறாள். கூட்ஸ் வந்தால் சிலேட்டிலிருந்து தலை நிமிராமலே "கீறோம்" என்கிறாள், அச்சு அஞ்சலை மாதிரி. நான் ஓடுவதில்லை. ஆனால் ஒரு காலை வாசற்படிக்கு வெளியே வைத்துவிடுகிறேன், இன்னொரு கால் உள்ளேயே இருக்கிறது. கடல் இருக்கும் பக்கமாகத் திரும்பி, மெதுவாக "இருக்கோம்" என்கிறேன்.