சிவப்புத் தொப்பி எட்டுக்குள் வந்த காலை

எங்கள் குடும்பத்தில் ஒருவர் வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லிச் சிறைக்குப் போனார் என்று அப்பா நியூ ஜெர்சியில் எங்கள் ஊரான எடிசனின் வீட்டு விருந்துகளில் சொல்வதுண்டு. யார் என்று யாரும் குடைந்து கேட்டதில்லை. கேட்டிருந்தால் விஷயம் அப்பாவின் அத்தை வீட்டுக்காரருடைய தம்பிவரை போய் நின்றிருக்கும். அப்பேர்ப்பட்ட தியாகப் பரம்பரையில் வந்த நாங்கள், நான் நான்காம் வகுப்புப் படித்த அந்த இலையுதிர் காலத்தில், பிரிட்டிஷ் ஆட்டக்காரர்கள் ஜெயிக்க வேண்டும் என்று பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டிருந்தோம். அதுவும் சக்கர நாற்காலி டென்னிஸில்.

காரணம், சித்தி. அம்மாவின் ஒரே தங்கை. லண்டனில் பார்மசிஸ்ட். ஒரு கார் விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலிக்கு மாறியவள், மாறிய கையோடு டென்னிஸும் கற்றுக்கொண்டாள். அந்த வருடம் தோளில் ஆபரேஷன் ஆனதும் ஓய்வுக்காக எங்களிடம் வந்தாள். அப்பா கராஜ் வாசலில் பலகை அடித்து ஒரு சரிவுப் பாதை போட்டார். அவர் மென்பொருள் ஆசாமி. பாதையும் முதல் வெர்ஷன் மாதிரிதான் இருந்தது. சித்தி ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டு, "இதுல ஏறிப் பழகிட்டா எனக்கு எந்த ஊர் கோர்ட்டும் ஈஸிதான் அத்தான்" என்றாள்.

சக்கரங்கள் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும் அவளுடைய ஆட்ட நாற்காலியும் கூடவே வந்திருந்தது. அம்மா அதைப் பனி அள்ளும் மண்வெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, பழைய பெட்ஷீட்டால் மூடினாள். தூசி படாமல் இருக்கத்தான் என்றாள். சித்தி இங்கேயே இருந்துவிட வேண்டும் என்பது அம்மாவின் எண்ணம். கீழ்த்தள அறையில் புதுத் திரைச்சீலை வந்தது. நியூ ஜெர்சியில் பார்மசிஸ்ட் ஆக என்ன பரீட்சை எழுத வேண்டும் என்று ஓக் ட்ரீ ரோடு காய்கறிக் கடையில் பார்க்கிற ஆன்ட்டிகளிடமெல்லாம் விசாரணை நடந்தது. சித்தி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை உருட்டிக்கொண்டு போனாள்.

டெலிபோன் கம்பி வழியாகவே இணையம் வந்த காலம். ஐரோப்பாவில் மத்தியானம் ஆட்டம் நடக்கும்போது எங்களுக்குக் காலை. பக்கம் மெதுவாகத் திறந்து, ஒரு செட் முடிந்தால் ஒரு வரி மாறும். அந்த வரிக்காக வீடே காத்திருக்கும். வெள்ளைக்காரப் பெயர்கள் அப்பாவுக்கு நாவில் நிற்காததால், சித்தி காட்டிய போட்டோக்களைப் பார்த்து அவரே பெயர் வைத்தார்: கண்ணாடி, நீளக்கை, சிவப்புத் தொப்பி. முதல் இருவர் ஆண்கள். சிவப்புத் தொப்பி பெண், இரட்டையர் ஆட்டத்தில் சித்தியின் ஜோடி. பந்து இரண்டு முறை தரையில் குத்தலாம் என்பதைத் தவிர மற்றதெல்லாம் வழக்கமான டென்னிஸ்தான் என்று சித்தி விளக்கினாள். அந்த விதி அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆபீஸிலும் இப்படி ஒன்று இருந்தால் தேவலை என்றார்.

வருடக் கடைசியில், தரவரிசையில் முதல் எட்டுப் பேர் மட்டும் ஆடும் ஒரு போட்டி உண்டு. அதற்குள் நுழையத்தான் எல்லோரும் அந்த மாதங்களில் ஊர் ஊராக அலைந்தார்கள். அக்டோபரில் கண்ணாடி கழன்றார். அடுத்த வாரம் நீளக்கை. மிச்சம் சிவப்புத் தொப்பி. எட்டாவது இடத்தின் வாசற்படியில் நின்றாள். லண்டனுக்குப் பக்கத்தில் ஓர் உள்ளரங்கத்தில் ஒரே ஒரு ஆட்டம் பாக்கி.

அதற்கு முதல் நாள் சாப்பாட்டு மேஜையில் சித்தி சொன்னாள். "இந்த வருஷமும் எட்டுக்குள்ள வரலேன்னா ஆட்டத்தையே விட்டுடறேன்னு சொல்றாக்கா. அவ விட்டா எனக்கு ஜோடி கிடையாது. நான் இங்கயே பரீட்சை எழுதிடறேன்."

"வந்துட்டா?" என்றாள் அம்மா.

"வந்துட்டா அவ இன்னொரு வருஷம் ஆடுவா. நான் போகணும். போனா அங்கதான்க்கா."

அம்மா கரண்டியை எடுத்தாள். "ரசம் ஊத்தட்டுமா?" என்றாள்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த அப்பா கொண்டுவந்த சட்டம். நம் ஆள் ஜெயிக்கும்போது யார் எங்கே இருந்தார்களோ, ஆட்டம் முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். அசைந்தால் போச்சு. இதன்படி ஃப்ரிட்ஜில் சாய்ந்து நிற்பது அப்பாவின் இடம். மாடிப்படியில் ஒற்றை சாக்ஸோடு உட்கார்வது என் இடம். "நான் எப்பவும் ஒரே சீட்டுதான், என்னால யாருக்கும் தொந்தரவு இல்ல" என்பாள் சித்தி. அம்மா மட்டும் இந்தச் சட்டத்தை மதித்ததே இல்லை. "கிறுக்குத்தனம்" என்று சொல்லிக்கொண்டே குறுக்கும் நெடுக்கும் நடப்பாள். கண்ணாடியும் நீளக்கையும் தோற்றதற்கு அம்மாவின் நடைதான் காரணம் என்பதில் எனக்கும் அப்பாவுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

அன்று காலை இணையத்தை நம்பாமல் வெளிநாட்டுக்குப் பேச நிமிடக் கணக்கில் வாங்கும் காலிங் கார்டு போட்டு, அரங்கத்திலேயே இருந்த சித்தியின் சிநேகிதியைக் கூப்பிட்டோம். யாழ்ப்பாணத்துக்காரி. ஸ்பீக்கரில் அவளுடைய கிசுகிசுப்பு வந்தது. "சத்தம் போடாதேங்கோ, அம்பயர் என்னையே பாக்கிறார்." பின்னால் பந்தின் ஓசை. டொக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொக். இரண்டாவது குத்தலுக்கும் அடிக்கும் நடுவில் நாங்கள் மூச்சு விடவில்லை.

அம்மா அடுப்பில் குக்கரை ஏற்றிவிட்டு, மேஜை ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். கொத்தமல்லி ஆய்ந்தாள். முதல் செட் சிவப்புத் தொப்பிக்கு. அடுத்தது போயிற்று. மூன்றாவது இழுத்துக்கொண்டே போனது. அப்பா ஆபீஸுக்குப் போகும் மன்ஹாட்டன் ரயிலை ஏற்கெனவே தவறவிட்டிருந்தார். குக்கர் விசில் அடித்தது. திரும்பவும் அடித்தது. அம்மா எழுந்திருக்கவில்லை. பிறகு விசிலே நின்றுபோனது. அது இன்னும் மோசம் என்று சமையல் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தீய்ந்த வாசனை வந்ததும் அப்பா ஃப்ரிட்ஜை விட்டு ஓர் அடி எடுத்து வைத்தார்.

"அசையாதீங்க" என்றாள் அம்மா.

அப்பா அந்தக் காலை அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டார். சித்தி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. ஆய்ந்து முடித்த காம்புகளையே மறுபடி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மேட்ச் பாயின்ட்" என்றது லண்டன். உடனே காலிங் கார்டின் பதிவுக் குரல்காரி குறுக்கே புகுந்து, நிமிடங்கள் தீரப்போவதை மிக மரியாதையாக அறிவித்தாள். அவள் பேசி முடித்தபோது அந்தப் பக்கம் ஒரே கைதட்டல். "யாருக்குடி? யாருக்கு?" என்று சித்தி கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

"உன்ர ஆள்தான். வெண்டிட்டாள். அழுகிறாள். நானும்தான்," என்றது குரல். இணைப்பு அறுந்தது.

நான் படியிலிருந்து குதித்தேன். அப்பா என்னைத் தூக்கினார். அம்மா எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். குக்கரைக் குழாயடியில் வைத்துத் தண்ணீர் விட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஆவி அடங்கித் திறந்ததும் தேய்க்க ஆரம்பித்தாள். சித்தி நாற்காலியை உருட்டிக்கொண்டு அவளருகே போனாள்.  அம்மா தேய்ப்பதை நிறுத்தாமல், "ஊசிக் குளிர் இருக்குமே அங்க, உன் ஸ்வெட்டரெல்லாம் துவைச்சுப் போடறேன்" என்றாள். "நாற்காலி மேல இருக்கற பெட்ஷீட்டையும் எடுத்துடறேன்."

"அம்மா ஏன் கோவமா இருக்கா? வீ வன், ஜெயிச்சுட்டோம்ல" என்று அப்பாவிடம் கேட்டேன். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளையான நான், முக்கியமான சந்தர்ப்பங்களில் இரண்டையும் கலப்பேன்.

"பருப்பு தீஞ்சுடுச்சுல்ல" என்றார் அப்பா.

நியாயமான காரணமாகப் பட்டது. நான் அதை நம்பினேன்; வெகு காலம் நம்பினேன். அதற்குப் பிறகு எத்தனையோ உலகக் கோப்பை ஆட்டங்களில் நானும் அப்பாவும் கெஞ்சியிருக்கிறோம். அம்மா ஒரு ஓவருக்குக்கூட உட்கார்ந்ததில்லை. கிறுக்குத்தனம் என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். அவள் நம்பாத ஒரு சட்டத்துக்கு அந்த ஒரு காலை மட்டும் கட்டுப்பட்டது ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், பள்ளிக்கூடச் சாப்பாட்டு டப்பாவில் சாம்பார் சாதம் இல்லை என்பதுதான். வேறு வழியில்லாமல் அம்மா பீநட் பட்டர் சாண்ட்விச் செய்து கொடுத்தாள். நான் மாதக்கணக்கில் கேட்டுக் கிடைக்காதது. பள்ளிக்கூட பஸ்ஸின் ஜன்னலோர சீட்டில், எங்கள் வீட்டில் எல்லோருமே ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.