உட்கார்ந்தபடி ஒரு போட்டோ

சும்மா உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றுதான் வளைகுடாவுக்குப் போன புதிதில் அவர் வீட்டில் சொல்லியிருந்தார். கேட்டில் ஒரு நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி, கார் வந்தால் தடுப்புக் கம்பத்தைத் தூக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். முதல் வருடம் அது உண்மையாகவும் இருந்தது.

பிறகு புது சூப்பர்வைசர் வந்தார். அவரும் தமிழ் பேசுகிறவர்தான், கேட்டில் நின்று மேலே போனவர்தான். அதனாலேயே கெடுபிடி அதிகம். உட்கார்ந்த காவலாளி தூங்கிவிடுவான் என்று ஒரு தத்துவம் கண்டுபிடித்து, எல்லாக் கேட்டிலிருந்தும் நாற்காலிகளை வேனில் அள்ளிக்கொண்டு போய்விட்டார். அது போதாதென்று, மணிக்கொரு தரம் தொப்பியும் சீருடையுமாக, பின்னால் கேட் தெரிய, நின்றபடி போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்றார். தவறினால் ஊருக்கு டிக்கெட்.

நம்மவர் நல்ல உயரம். விறைப்பாக நிற்கும் அந்தப் போட்டோக்களைப் பார்த்து, அறையில் இருந்தவர்கள் அவருக்குக் கொடிக்கம்பம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேலிக்குச் சேர்ந்து சிரித்துவிட்டு, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்வார்.

அதில் ஒரு போட்டோவைத் தினமும் மனைவிக்கும் அனுப்புவது வழக்கம். அந்த அம்மாள் லேசுப்பட்டவர் இல்லை. ஒருநாள் போனில், சாப்பிட்டாச்சா என்று விசாரித்த அதே குரலில் கேட்டார்.

"உக்காந்து பாக்குற வேலைன்னுதானே சொன்னீங்க? ஒரு போட்டோலகூட உக்காந்து பாக்கலையே. காலு இருக்கா, போயிடுச்சா?"

கொடிக்கம்பத்துக்கு வெட்கம் பாதி, கோபம் பாதி. தான் சொன்ன உண்மையை ஒரு ஆள் பொய்யாக்கிவிட்டான், அந்தப் பொய்யையும் இத்தனை காலம் கட்டிக் காத்திருக்கிறோமே என்று பற்றிக்கொண்டு வந்தது. கேட்டைப் பார்ப்பது கண்தானே, காலா பார்க்கிறது?

மறுநாள் கட்டடத்துக்குப் பின்னால் குப்பையில் கிடந்த, ஒரு கை உடைந்த நாற்காலியைத் தூக்கி வந்து கேட்டில் போட்டார். போனைக் காவல் கூண்டின் ஜன்னலில் சாய்த்து வைத்தார். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார். உடனே போன் அலறியது.

"என்னய்யா இது? எந்திரிச்சு நின்னு வேற போட்டோ போடுங்க."

"கேட் தெரியுது, தொப்பி தெரியுது, கண்ணு முழிச்சுதான் இருக்கு. வேற என்ன சார் வேணும்?"

"நாளைக்கே ஊருக்கு ஏத்திடுவேன்."

"ஏத்துங்க. ஃபிளைட்லயாவது உக்கார விடுவாங்க."

சொல்லிவிட்டாரே ஒழிய, போனை வைத்ததும் வீட்டு நினைப்பு வந்தது. மகள் படிப்பு பாதியில் இருக்கிறது. மனைவியை அழைத்து, நின்ற கதை முழுவதையும் ஒளிக்காமல் சொன்னார். திரும்பி வர வேண்டியிருக்கும் என்றார்.

"வந்தா வாங்க, பாத்துக்கலாம். எந்திரிக்க மட்டும் செய்யாதீங்க," என்றார் அந்த அம்மாள்.

அதற்குள் குழுவில் இன்னொரு போட்டோ வந்திருந்தது. சூப்பர்வைசர் இருமினாலே நடுங்குகிற பின்கேட்டுக்காரர், கவிழ்த்துப் போட்ட தண்ணீர் கேன்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். அடுத்து கிடங்குக் காவலாளி, மரப்பெட்டிமேல். பிறகு வரிசையாக வந்துகொண்டே இருந்தன. எல்லாரையும் ஊருக்கு ஏற்றிவிட்டால் அத்தனை கேட்டிலும் சூப்பர்வைசரே நிற்க வேண்டியதுதான்.

மாலையில் வேன் வந்து நின்றது. சூப்பர்வைசர் இறங்கி எதிரே வந்தார். கொடிக்கம்பத்தின் கால்கள் பழக்கதோஷத்தில் எழப் பார்த்தன. முழங்காலை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். சூப்பர்வைசர் நாற்காலியைப் பார்த்தார். தன் போனை எடுத்து, குழுவில் வரிசையாக வந்திருந்த போட்டோக்களை ஒரு தரம் தள்ளிப் பார்த்தார்.

"மணியாச்சு சார்," என்று கொடிக்கம்பம் தன் போனை நீட்டினார். "வந்ததுதான் வந்தீங்க, கேட் தெரியுற மாதிரி நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுங்க."

போனை வாங்கிய சூப்பர்வைசர், கேட் முழுவதும் தெரிவதற்காக இரண்டடி பின்னால் போய் நின்றார்.