வேர்வை துடைத்த முகங்கள்

தூக்கக் கலக்கத்தில் எதையோ பார்த்தேன் என்று சொல்லிவிடாதீர்கள். அது பட்டப்பகல். வெளியே கும்மிடிப்பூண்டி சிப்காட் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

எங்கள் கடையில் கம்பெனிகளுக்கு அடையாள அட்டை அடிக்கிறோம். தொழிலாளர் போட்டோக்களை ஒவ்வொன்றாகத் திறந்து, வெட்டி, பின்னணியை வெள்ளையாக்கி, சேமிக்க வேண்டும். கல்பனா அக்கா கூடுதலாக ஒன்று செய்வாள். படத்தில் தெரியும் நெற்றி வேர்வையைத் துடைத்துவிடுவாள். நேரம் வீணாகிறது என்று முதலாளி அன்பு அண்ணன் திட்டுவார். அவள் கேட்கமாட்டாள்.

"வேர்த்த மூஞ்சிய வருஷம் பூரா கழுத்துல மாட்டிக்கினு திரியணுமா, ஜெனி?"

நான்தான் போட்டோஷாப்பில் ஆக்‌ஷன் பதிவுசெய்தேன். ஒரு படத்துக்குச் செய்வதை ஒருமுறை காட்டினால் போதும், மீதிப் படங்களுக்கு அதுவே செய்துவிடும். நான்கு கட்டளைகள். வேர்வை துடைப்பது அதில் இல்லை.

"பட்டன அமுக்குனா முடியற வேலைக்கு இன்னாத்துக்கு ரெண்டு பேரு?" என்றார் அண்ணன்.

அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார். என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு புதன்கிழமை. ஒரு தொழிற்சாலையின் புது ஒப்பந்த ஆட்கள், 212 போட்டோ. கடையில் நான் மட்டும். மதியம் 1:40க்கு ஓடவிட்டேன். பத்து, பதினொரு நிமிட வேலை.

1:55க்குப் பார்த்தேன். ஏழாவது படத்தில்தான் நின்றது.

டிக்... டிக்... மவுஸ் சத்தம். என் கைகள் மடியில் இருந்தன.

திரையில் யாரோ ஒருவரின் நெற்றி பெரிதாகியிருந்தது. மெதுவாக... பொறுமையாக... வேர்வை மறைந்துகொண்டிருந்தது.

கட்டளைப் பட்டியலைப் பார்த்தேன். அதே நான்கு.

பிறகு வேகம் கூடியது. முகம்... முகம்... முகம்... எல்லா நெற்றியும் சுத்தமாக.

2:36. கடைசிப் படம்.

கல்பனா அக்கா.

அவளும் அந்த ஒப்பந்த ஆட்களில் ஒருத்தி. எனக்குத் தெரியாது. நெற்றியெல்லாம் வேர்வை.

சத்தம் நின்றுவிட்டது.

நானே மவுஸை எடுத்தேன். துடைத்தேன்.

மறுபடி வேர்த்தது.

துடைத்தேன்...

வேர்த்தது.

2:41க்குக் கணினியை அணைத்தேன்.

மறுநாள் காலை தொழிற்சாலை சூப்பர்வைசர் போன் செய்தார்.

"கடைசி போட்டோ, 212-ம் நம்பர் வேணாம் மேடம். அந்த எடத்துக்கு வேற ஆளு போட்டாச்சு. போட்டோ அனுப்பறேன்."

ஏன் என்று கேட்டேன். உலைப் பக்கம் சூடு தாங்காமல் விழுந்துவிட்டாளாம். தூக்குவதற்குள் உயிர் போய்விட்டதாம்.

முந்தின நாள். மதியம் 1:35.