ராணிக்குப் போட்ட அணை

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எண்ணெய்க் கறை போகாத விரல்கள், சட்டைப் பையில் ஒரு டெஸ்டர், நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே மேலே எங்கோ கம்பி உராயும் சத்தத்துக்குப் போய்விடும் காது. அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வதற்குள் லிஃப்ட் மொட்டைமாடிக்கே போய்ச் சேர்ந்துவிடும். அப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே சவரம் செய்வார். ராணியைப் பார்க்கப் போகிறாராம்.

ராணி என்பவள் ஊர்க்கோடியில் உள்ள கேளிக்கைப் பூங்காவின் மர ரோலர் கோஸ்டர். பலகையில் ‘புயல் ராணி’ என்றிருக்கும். இவரும் இவரைப் போன்ற சில பைத்தியங்களும் உரிமையோடு ராணி என்பார்கள். கல்யாணமான புதிதில் இவர் போனில் யாரிடமோ, “ராணிக்கு இன்னைக்கு லேசா நடுக்கம் இருக்கு. ஆனா வளைவெல்லாம் அப்படியே இருக்கு” என்று சொல்லக் கேட்டு நான் பெட்டியைக் கட்டிவிட்டேன். விஷயம் தெரிந்து என் அக்கா வயிறு வலிக்கச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பே வரவில்லை. பெண்ணாக இருந்தாலாவது முடியைப் பிடித்து இழுக்கலாம். மரத்தோடு எப்படிச் சண்டை போடுவது? அன்றிலிருந்து அவள் எனக்குச் சக்களத்திதான்.

ஏன் இப்படி வாராவாரம் ஓடுகிறீர்கள் என்று கேட்டால் ஒரே பதில்தான்.

“வாரம் பூரா யாரும் கீழ விழுந்துடக் கூடாதுன்னு பாக்கறேன். ஒரு நாளாவது நான் விழ வேணாமா?”

அதையாவது பொறுத்துக்கொண்டேன். இன்னொன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. பேருந்தில் நான் எப்போதும் இடப்பக்க ஜன்னலோரம், பக்கத்தில் அவர். வண்டி வளைவில் ஒடித்துத் திரும்பினால் அவருடைய இடது கை எனக்குக் குறுக்கே நீண்டு முன் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். நான் ஜன்னலில் இடித்துக்கொள்ளக் கூடாதாம். என் உச்சி குளிர்ந்துவிடும். வாய் பேசாவிட்டால் என்ன, கை பேசுகிறதே என்று அக்காவிடம் பீற்றிக்கொள்வேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சக்களத்தியை நேரில் பார்த்துவிடலாம் என்று போய்க் கீழே நின்றேன். கடைசி வளைவில் வண்டி வலப்பக்கம் திரும்பியபோது, ஒவ்வொரு வரிசையிலும் வலப்பக்கம் இருந்தவரின் இடது கை பக்கத்து ஆளுக்குக் குறுக்கே நீண்டது. என் கணவரின் கை முன்பின் தெரியாத ஒரு வழுக்கைத் தலைக்காரரைக் காத்துக்கொண்டிருந்தது. இந்தக் கோஷ்டி அதற்குப் பெயரே வைத்திருந்தது: அணை. புதிதாக ஏறுகிறவர்களிடம், கடைசி வளைவில் அணை போட மறக்காதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்புவார்களாம். என் மேல் வைத்த பாசம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அவள் கற்றுக்கொடுத்த பழக்கம். வீட்டுக்கு வந்து அன்று நான் பாத்திரம் கழுவிய சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

போன வருஷம் பூங்காக்காரர்கள் ராணியைப் பிரிக்கப்போவதாக அறிவித்தார்கள். என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கோஷ்டியின் தலைவர் மருந்துக்கடைக்காரர். இனி இந்த வாசலை மிதிக்கவே மாட்டோம், பூங்காவையே தலைமுழுகிவிட்டோம் என்று எல்லோரையும் சத்தியம் செய்ய வைத்தார். கடைசி நாளில் இவர் ராணியிலிருந்து கழற்றிய ஒரு போல்ட்டைக் கேட்டு வாங்கி வந்து, துடைத்து, எங்கள் கல்யாணப் போட்டோ பக்கத்தில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குக் கிடைத்தன. கிடைத்து என்ன? சோபாவில் அவர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். பாதிச் சாப்பாடு தட்டிலேயே இருந்தது. எனக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரி கேன்டீனில் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்ட மனுஷன் இவர். உயிரோடு இருந்தபோது ஒரு நாளைத்தான் எடுத்துக்கொண்டாள்; போன பிறகு ஏழு நாளையும் எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் ராணி இருந்த இடத்தில் பெரிய அரங்கம் ஒன்று கட்டினார்கள். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடி மாட்டிக்கொண்டால் திரையிலேயே பறக்கலாம். திறந்த அன்றே வரிசையில் முதலில் நின்றது யார் என்கிறீர்கள்? சத்தியம் செய்ய வைத்த அதே மருந்துக்கடைக்காரர். அடுத்த ஞாயிறு இவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சவரம் செய்தார்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. அவளோடு எத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினார்! அவளையே இப்படி மறக்க முடியுமென்றால் நான் எம்மாத்திரம்? என் சக்களத்திக்காக நானே சண்டைக்குப் போனேன்.

“அவ போயி ஒரு வருஷம்கூட ஆகலை. நாளைக்கு நான் போனாலும் இப்படித்தானே?”

அவர் சவரக் கத்தியைக் கீழே வைத்தார். “சும்மா பாத்துட்டு வரலாம்னுதான். நீயும் வாயேன்.”

போனேன். என்னதான் செய்கிறார் பார்த்துவிடுவோம் என்றுதான் போனேன். மூன்று மூன்று நாற்காலிகளாக வரிசை. இவர் முன்னால் போய் நடுவில் உட்கார்ந்துகொண்டார். வலப்பக்கம் நான். இடப்பக்கம் காலி. விளக்கு அணைந்து, நாற்காலி ஆட ஆரம்பித்ததும் எனக்குத் தலை சுற்றியது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தேன். மனுஷன் கொட்டாவி விட்டார். மனதுக்குள் கொஞ்சம் குளுமையாக இருந்தது.

திரையில் வண்டி வலப்பக்கம் ஒடித்துத் திரும்பியது. அவருடைய இடது கை நீண்டது. யாருமே இல்லாத அந்த நாற்காலிக்குக் குறுக்கே போய், இல்லாத கம்பியைத் தேடிவிட்டு, மெதுவாக மடிக்குத் திரும்பியது. அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்த ஆள் யாரையும் மறக்கமாட்டார் என்று அப்போது தெரிந்தது. நிம்மதியாக இருந்தது. உயிரோடு நான் வலப்பக்கம் உட்கார்ந்திருக்க, போனவளுக்கு அணையா என்று ஆத்திரமாகவும் இருந்தது.

வெளியே வந்ததும் இவர் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

“இன்னொரு தடவை போலாம்” என்றேன்.

“உனக்குத்தான் தலை சுத்துதே?”

“சுத்தட்டும்.”

இந்த முறை அவரை முந்திக்கொண்டு உள்ளே போய் இடப்பக்கக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணாடி மாட்டவில்லை. அந்த வளைவு வந்தது, கையும் வந்தது. ராணிக்காக வந்த கைதான், எனக்குத் தெரியும். திரும்பிப் போவதற்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.