சம்பந்திக்காகக் கட்டிய குளியலறை

வெள்ளிக்கிழமை காலையானால் எங்கள் சந்துக்குள் கஸ்மிராவின் குரல்தான் முதலில் நுழையும். அந்த அம்மாள் பின்னால்தான் வருவார். கையில் டார்ச் விளக்கு, உடம்பில் சுகாதார நிலையம் கொடுத்த பச்சை மேல்சட்டை. வீடு வீடாகக் குளியலறைக்குள் போய், தண்ணீர்த் தொட்டியில் விளக்கடித்து, கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தச் சட்டையைப் போட்டுவிட்டால் அவர் நடையே வேறு.

இந்தோனேசியாவில், எங்கள் செமாராங்கில் தொட்டி இல்லாத குளியலறை ஏது? குழாயில் விடியற்காலை மட்டும் வருகிற தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்து, நாள் முழுக்க மொண்டு ஊற்றிக்கொள்கிறோம். கடலோர ஊர், புழுக்கத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வாரம் ஒரு தரம் தொட்டியைக் காலிசெய்து தேய்த்துக் கழுவாவிட்டால், கொசு அங்கே குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடும்.

பார்த்துவிட்டு வருகிறவர் சும்மா வருவாரா? வாசலில் நின்று சந்து முழுக்கக் கேட்கும்படி முடிவைச் சொல்வார். "பர்மி வீடு சுத்தம்!" என்றால் பர்மிக்கு அன்றைக்கெல்லாம் முகம் மலர்ந்திருக்கும். சுத்தமில்லை என்றால் அந்த வீட்டுக்காரி தலையைத் தொங்கப்போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஒருமுறை அடுத்த வீட்டு ரெத்னோ மாட்டிக்கொண்டாள். முப்பது வயதுகூட ஆகாத பெண். புருஷன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவன், வீட்டில் அவளும் ஐந்து வயது மகள் நயாவும்தான்.

"ஏய் ரெத்னோ! தொட்டியில நீ வளக்கிறது மீனா, கொசுவா? மீனுன்னா சொல்லு, சட்டியோட வர்றேன்!"

சந்தே சிரித்தது. ரெத்னோ கதவோரம் நின்று, "இந்த வாரம் கழுவ முடியல இபு, காய்ச்சலா இருந்துச்சு" என்றாள். அது யார் காதிலும் விழவில்லை. அதற்குப் பிறகு இரண்டு நாளைக்கு ஒருதரம் அவள் வீட்டில் தொட்டி தேய்க்கும் சத்தம் கேட்கும். அதைக் கேட்கும்போதெல்லாம் கஸ்மிராவுக்கு உள்ளூர ஒரு திருப்தி. திட்டினால்தான் திருந்துவார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

அவரை மட்டும் குறை சொல்லி என்ன செய்வது? துறைமுகத்தில் மூட்டை தூக்கிய புருஷன் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்தார். சந்து முனையில், சோயாவைப் புளிக்க வைத்துச் செய்யும் தெம்பேத் துண்டுகளைப் பொரித்து விற்று, ஒற்றை மகன் ஹெர்மானைப் படிக்க வைத்தார் கஸ்மிரா. அத்தனை வருஷமும் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய் தெம்பே, ரெண்டு குடு" என்பார்கள். அதே ஆட்கள் இப்போது "வாங்க இபு, பாருங்க இபு" என்று வாய் நிறைய அம்மா போட்டு, குளியலறைக் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்கிறார்கள். யாருக்குத்தான் தலை கொஞ்சம் கனக்காது?

ஹெர்மானுக்கு ஜகார்த்தாவில் பெண் அமைந்தது. பெண் பார்க்கப் போனபின் சம்பந்தி வீட்டார் பதிலுக்கு இங்கே வந்தார்கள். பெண்ணின் அம்மாவுக்கு முழங்கால் வலி, குந்தி உட்கார முடியாது. கஸ்மிராவின் குளியலறைக்குள் போனவர் அப்படியே திரும்பி வந்து, "பரவாயில்ல, வழியில பெட்ரோல் பங்க்ல பாத்துக்கறேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு கஸ்மிராவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. கல்யாணத்துக்குள் வீட்டுக்குப் பின்பக்கம், ரெத்னோவின் முற்றத்தை ஒட்டி, இன்னொரு குளியலறை கட்டினார். ரோஜா நிற ஓடு, உட்காரும் கழிப்பறை, புதுத் தொட்டி. சம்பந்தி அம்மாள் வந்து இரண்டு நாள் தங்கி, வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போனார்.

அவர் போன கையோடு கஸ்மிரா அதைத் தேய்த்துக் கழுவி, தொட்டியை விளிம்பு வரை நிரப்பினார். விருந்தாளி வரும்போது தொட்டி அரைகுறையாக இருந்தால் மரியாதையா? நிரப்பி, பூட்டி, சாவியை அலமாரிக்குள் வைத்துவிட்டார். தான் குளிப்பது பழைய அறையில்தான். வெள்ளிக்கிழமை தன் வீட்டைப் பார்க்கும்போதும் பழைய தொட்டியில் விளக்கடித்து, "சுத்தம்!" என்று தனக்குத் தானே சத்தம் போட்டுக்கொள்வார். யாரும் குளிக்காத அறை எப்படி அழுக்காகும் என்பது அவர் எண்ணம். கொசுவுக்குச் சாவியா வேண்டும்? காற்றுக்காகச் சுவரின் மேலே விட்ட ஓட்டைகள் போதாதா? அத்தனை ஓட்டையும் ரெத்னோவின் முற்றத்தைப் பார்த்துத்தான் இருந்தன.

மழைக்காலம் தொடங்கியதும் நயாவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரெத்னோ ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அவள் சந்து முனையைத் தாண்டுவதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது.

"அந்தத் தொட்டிதான், வேற என்ன?" என்றாள் பர்மி. "நம்ம இபு அன்னிக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டாங்க. கேட்டாளா?"

கஸ்மிரா மறுக்கவில்லை. தலையை ஆட்டி உச்சுக்கொட்டினார். அதுவும் ஒரு பதில்தானே.

சுகாதார நிலையத்திலிருந்து ஹர்தொயோ என்பவர் வந்து, சுற்றியிருந்த வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ரெத்னோவின் தொட்டியில் ஒன்றுமில்லை. "இப்ப தேய்ச்சு என்ன பிரயோஜனம்" என்று பின்னால் யாரோ முனகினார்கள். கஸ்மிராவின் வாசலுக்கு வந்ததும் அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உங்க வீட்டுல நான் என்னத்த இபு பாக்குறது? நீங்கதான் எங்களுக்குப் பாடம் நடத்தணும்."

கஸ்மிரா பூரித்துப்போய் அவருக்குச் சூடாகத் தெம்பே பொரித்துக் கொடுத்தார்.

பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்த நாளில் சந்தில் குழாய் வேலை, தண்ணீர் வரவில்லை. தேய்த்துக் காலிசெய்த தொட்டி ரெத்னோ வீட்டில் காய்ந்து கிடந்தது. தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"இபு, நயாவை ஒரு தரம் குளிப்பாட்டிக்கட்டுமா? ஆஸ்பத்திரி வாடை போகல."

கஸ்மிராவுக்கு மனசு இளகிவிட்டது. நாலு பேர் பார்க்கட்டும் என்ற நினைப்பும் இல்லாமலில்லை. அலமாரியிலிருந்து சாவியை எடுத்தார்.

"பழசுல வேண்டாம், புதுசுல குளிப்பாட்டு. ஜகார்த்தாக்காரங்களுக்குக் கட்டினது. இன்னிக்கு நயாதான் எனக்குச் சம்பந்தி!"

கதவைத் திறந்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தத்துக்குப் பதிலாக, பிரஷ் தேய்க்கும் சத்தம் கேட்டது. என்ன இவள், குளிப்பாட்டச் சொன்னால் சுவரைத் தேய்க்கிறாள் என்று எட்டிப் பார்த்தார்.

நயா துண்டைப் போர்த்திக்கொண்டு கழிப்பறை மூடிமேல் உட்கார்ந்திருந்தாள். தொட்டி காலியாகியிருந்தது. ரெத்னோ அதற்குள் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். தரையில், வடிகால் வாயில் தேங்கிய தண்ணீரில், கறுப்பு நூல் துணுக்குகள் மாதிரி ஏதோ துள்ளிக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டா? வடிகால் வாயே கறுத்திருந்தது. ரோஜா நிற ஓட்டின்மேல் காலில் வெள்ளை வரி போட்ட கொசுக்கள் அங்கங்கே உட்கார்ந்திருந்தன. கஸ்மிரா தலையைத் தூக்கிச் சுவர் ஓட்டைகளைப் பார்த்தார். அதன் வழியே ரெத்னோவின் கொடியில் தொங்கிய நயாவின் சட்டை தெரிந்தது.

"தண்ணி கொஞ்ச நாள் நின்னுடுச்சு போல இபு" என்றாள் ரெத்னோ, நிமிராமலே. "தேய்ச்சுட்டா சரியாயிடும். பழைய தொட்டியிலேருந்து ரெண்டு வாளி குடுங்க, போதும்."

அந்த நேரத்தில் கஸ்மிரா என்ன சொல்லியிருக்கலாம்! ஐயோ பிள்ளையே என்று நயாவை வாரி எடுத்திருக்கலாம். என்னை மன்னித்துவிடு என்று சொல்லியிருக்கலாம். அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"வெளிய சொல்லிடாத, ரெத்னோ."

ரெத்னோ சரியென்று தலையசைத்தாள். கஸ்மிரா போய் வாளியைக் கொண்டுவந்தார்.

அடுத்த வாரம் பர்மி வீட்டில் பெண்கள் கூடினார்கள். டீ வந்தது. பர்மி ஒரு கோப்பையை ரெத்னோவிடம் நீட்டி, "குடி, பயப்படாத. உங்க வீட்டுத் தொட்டித் தண்ணி இல்ல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "பெத்த புள்ளையவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வெச்சாளே" என்று இன்னொருத்தி சத்தமாகவே சொன்னாள். ரெத்னோ ஒரு கணம் கஸ்மிராவைப் பார்த்தாள். கஸ்மிரா தட்டிலிருந்த பலகாரத்தை எடுத்து அவசரமாக வாயில் போட்டுக்கொண்டார். சீ, என்ன பிறவி நான் என்று அவருக்கே தோன்றியது. வாயிலிருந்ததை வீட்டுக்கு வந்து கொல்லைப்பக்கம் துப்பினார்.

அதன்பின் அவருக்கு எதுவும் ஓடவில்லை. எண்ணெயில் போட்ட தெம்பே கருகும்வரை நின்றுகொண்டிருப்பார். பக்கத்து வீட்டில் பிரஷ் சத்தம் கேட்டால், முன்போல் திருப்தி வருவதற்குப் பதில் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். தேய்க்க வேண்டியவள் அவளா?

வெள்ளிக்கிழமை ரெத்னோவின் தொட்டியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, வாசலில் பர்மி இன்னும் நாலைந்து பேரோடு நின்றிருந்தாள்.

"நல்லா பாத்தீங்களா இபு? கொசுப் பண்ணையாச்சே அது!"

"பண்ணை இங்க இல்ல பர்மி" என்றார் கஸ்மிரா. "என் வீட்டுல இருந்துச்சு. புதுக் குளியலறையில. நயாவைக் கடிச்சது என் வீட்டுக் கொசுதான்."

பர்மி கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களாடி! அந்தப் பொண்ணு மூஞ்சி வாடக் கூடாதுன்னு பழியத் தன் தலையில போட்டுக்கறாங்க. இந்த மனசு யாருக்கு வரும்?"

"இல்ல, நெசமாத்தான் சொல்றேன். வந்து பாருங்க!"

கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்தார். ரெத்னோவும் பின்னாலேயே வந்தாள். ரோஜா ஓடு பளபளத்தது. காலித் தொட்டியில் ஒரு பொட்டு அழுக்கில்லை.

"இதுலயா கொசு? இதுல பாலை ஊத்திக் குடிக்கலாம் இபு!"

"ரெத்னோ, நீயே சொல்லு! நீதானே தேய்ச்ச?"

ரெத்னோ வாயைத் திறப்பதற்குள் பர்மி பாய்ந்தாள். "ஏண்டி, அழுது அழுது அவங்க வாயால இப்படிச் சொல்ல வெச்சியா நீ?"

பெண்கள் கஸ்மிராவின் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அவர் நல்ல மனசைப் பேசியபடியே கலைந்து போனார்கள். கஸ்மிரா தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் என்ன செய்யட்டும், ரெத்னோ? நம்ப மாட்டேங்கறாங்களே."

"இனிமே எப்படி நம்புவாங்க இபு?" ரெத்னோவின் குரலில் கோபம்கூட இல்லை. "அன்னிக்குத் தரையெல்லாம் புழு கிடந்துச்சு. நீங்க நாலு பேரைக் கூப்பிடுவீங்கன்னு நெனச்சேன். அதுக்காகத்தான் அவ்வளவு மெதுவா தேய்ச்சேன்."