ஐந்தாம் காற்றாலையின் சூடு

சாரல் காலத்தில் தென்காசிப் பக்கத்துக் காற்றாலைகள் ஓயாமல் சுற்றும். அவற்றின் கண்காணிப்பு அறையில் எனக்கு வேலை. உச்சியில் உள்ள பேரிங்குகளில் வயர் இல்லாத சென்சார்களை ஒட்டியிருப்போம். அங்கே எவ்வளவு சூடு என்பது கீழே என் திரையில் தெரிந்துவிடும்.

ஐந்தாம் காற்றாலையின் சென்சார் பழுதாகிவிட்டதால் அதைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். புதியதை அடுத்த வாரம் மாட்டுவதாக ஏற்பாடு. முன்கூட்டியே முடித்துவைப்போம் என்று நான் அந்தப் புதிய சென்சாரைக் கணினியில் ஐந்தாம் எண்ணுக்குப் பதிந்தேன். அடியில் காந்தம் வைத்த சின்ன டப்பா அது. எங்காவது உருண்டு தொலையக்கூடாதே என்று, அறை மூலையில் இருந்த டீ அடுப்பின் இரும்பு ஸ்டாண்டில் ஒட்டவைத்தேன். பிறகு மறந்தேபோனேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால், சூடு மிஞ்சியதாகத் திரையில் ஐந்தாம் எண் சிவந்தது. பதறிப்போய்க் காற்றாலையை நிறுத்திவிட்டு, மூத்த டெக்னீஷியன் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். சென்னையிலிருந்து வந்திருந்த மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு குற்றாலம் போயிருந்தார். தலையில் தேய்த்த எண்ணெயோடு அப்படியே வந்தார். பேசக்கூட நிற்காமல், உதவியாளர் ஒருவரோடு அந்தக் காற்றில் ஏணி ஏறினார்.

இறங்கி வந்ததும் குடிக்கட்டும் என்று டீ போட்டேன். திரையில் சூடு மறுபடியும் ஏறியது.

"அண்ணாச்சி, நிப்பாட்டியும் ஏறுதே!" என்று வாக்கிடாக்கியில் கத்தினேன்.

"பேரிங்கு சில்லுனு கெடக்கும்மா. இங்கன சென்சாரே இல்ல. நீ எதப் பாத்துச் சொல்லுத?"

திரும்பினேன். பால் பொங்கி, அந்த டப்பாவின் மேல் வழிந்துகொண்டிருந்தது.

சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொன்னேன். "சரி, எறங்குதோம்" என்றார் அண்ணாச்சி.

கீழே வந்து என்னைத் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். டீயைக் குடித்தார், டம்ளரைக் கழுவி வைத்தார், கிளம்பிவிட்டார். அவர் போய்ச் சேர்வதற்குள் அருவியில் தண்ணீர் கூடி, குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். அவர் வரட்டும் என்று வீட்டார் யாரும் அதுவரை குளிக்கவில்லையாம்.

சில நாள் கழித்து மார்க்கெட்டில் அவர் மனைவியைப் பார்த்தேன். ஒதுங்கப் பார்த்தேன், அதற்குள் அருகில் வந்துவிட்டார்.

"மகளும் மருமகனும் அன்னைக்கே ரயில் ஏறிட்டாங்கம்மா" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதுக்கென்ன, அடுத்த சீசனுக்கு வருவா" என்று என் கையைத் தொட்டார்.

நான் தக்காளி பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டேன்.